கம்பியூட்டர்ல எந்தக் காட்ஸ்?

கம்பியூட்டர்ல விளையாட நல்ல காட்ஸ் கேம் ஒன்னு சொல்லுன்னு கெம்பஸ்ல யாராவது கேட்டா, நான் திருப்பிக் கேட்கிறது ஒன்றுதான்: தோற்றால் அந்தக் கேம் உன்னிடம் என்ன கேட்கும்? மறுபடி குலுக்கித் தருமா, காசு கேட்குமா? கிராஃபிக்ஸ் எல்லாம் பிறகு பார்க்கலாம்.

1990இல் விண்டோஸ் 3.0உடன் வந்த சொலிட்டேர் எதையும் கேட்கவில்லை. அதை எழுதிய வெஸ் செரி அப்போது மைக்ரோசொஃப்டில் பயிற்சிக்கு வந்திருந்தவர். ரோயல்டி என்று ஒரு சதமும் அவருக்குக் கிடைக்கவில்லை (பயிற்சிக்குப் போகிற நம்ம ஆட்கள் கவனிக்க!). விண்டோஸ் 8 காலத்தில் அதே சொலிட்டேர் விளம்பரத்தோடு வந்தது. விளம்பரம் வேண்டாமென்றால் சந்தா கட்டணும். டேட்டா எப்போ முடியும்னு எண்ணிக்கிட்டு இருக்கிற நமக்கு இது சின்ன விஷயமில்ல.

ஹார்த்ஸ்டோன் இலவசம் என்பார்கள். 2014இல் வந்தது, நல்ல கேம்தான், மறுக்கவில்லை. ஆனா காட்ஸ் பொதி பொதியாக விற்பனைக்கு இருக்கும். உள்ளே என்ன இருக்குன்னு திறந்தால்தான் தெரியும். அதன் முக்கியமான போட்டி முறையில் பழைய காட்ஸை வருஷா வருஷம் ஒதுக்கிவிடுவார்கள். காசு போட்டவன் திரும்பவும் காசு போடணும். எனக்கு இது லொத்தர் டிக்கட் மாதிரித்தான் படுகிறது.

2024இல் வந்த பலாட்ரோவைப் பாருங்கள். புனைபெயரில் இருக்கிற ஒரு கனேடியர் உருவாக்கியது. போக்கர் கைகளை வைத்துத்தான் ஆட்டம், ஆனால் பந்தயம் இல்லை. ஒரு தடவை வாங்கினால் போதும், இணையம் இல்லாமலே ஓடும், பழைய லெப்டொப்பே தாங்கும். இதுக்குப் போய் ஐரோப்பிய வயதுத் தர அமைப்பு, சூதாட்டச் சாயல் என்று 18 வயது போட்டது. கால்பந்து வீரர் அட்டைப் பொதிகளை நிஜக் காசுக்கு விற்கிற இஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சிக்கு 3 வயது! 2025இல்தான் பலாட்ரோவை 12க்கு இறக்கினார்கள். அந்த எண்ணை மட்டும் நம்பி தம்பிக்கு கேம் எடுத்துக் கொடுக்காதீங்க.

என் பெரிய குறை நம்ம ஆட்டங்களைப் பற்றியது. பல்லேபொலயில சிங்கள நண்பர்களோட ஓமி, வீட்டில மாமாமாரோட 304. ஓமியில் முதல் நாலு காட்ஸை மட்டும் பார்த்துத் துரும்பு சொல்லணும். 304இல் ஜேக் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. மொத்தம் 76, நாலு இனத்துக்கும் சேர்த்து 304. இந்தக் கணக்கைக் கம்பியூட்டர் நம்மைவிட வேகமாகப் போடும். ஆனா நான் விளையாடிப் பார்த்தவற்றில் எதிரே கூட்டாளியா இருக்கிறது ஒரு புரோகிராம். அது தப்பா இறக்கினா யாரைத் திட்டுறது? அடுத்த கைக்கு முன்னால் யார் முகத்தைப் பார்க்கிறது?

நாலு பேர் நாலு ஊரில் இருந்து, ஒருத்தர் குரல் மற்றவருக்குக் கேட்க, விளம்பரம் இல்லாமல் 304 அடிக்கிற மாதிரி கணினி படிக்கிற யாராவது ஒன்னு செஞ்சு தாங்க. காசு கொடுத்து வாங்கிற முதல் ஆள் நான்.