கழுத்தில் ஒரு கிலோ எதற்கு?

போன ஞாயிற்றுக்கிழமை ஓசூர் சந்திரசூடேஸ்வரர் மலையில் பழைய சக ஊழியர் ஒருவரைப் பார்த்தேன். என் சட்டைப் பையிலிருந்த கேமராவைக் கண்டதும் சிரித்துவிட்டார். "என்ன சார், எஸ்.எல்.ஆரை வித்துட்டு பொம்மை வாங்கிட்டீங்களா?" படியேறிய களைப்பில் பதில் சொல்ல மூச்சில்லை. இங்கே சொல்கிறேன்.

நான் ரிட்டயர் ஆனபோது மகன் ஆசையாக வாங்கித் தந்தது நிக்கான் டி90. அருமையான கேமரா, குறை சொல்ல மாட்டேன். ஆனால் பேட்டரியோடு 700 கிராம். லென்ஸ் 420 கிராம். கழுத்துத் தேய்மானக்காரன் தினம் சுமக்கிற பாரமா இது? ஆறு மாதம் சுமந்தேன். பிறகு அது பீரோவுக்குள் போய்விட்டது.

சூளகிரிப் பக்கம் ஒரு வரப்போரம் நடுகல் ஒன்று இருந்தது. கையில் வாளோடு வீரன். மூன்று முறை பார்த்தேன். மூன்று முறையும் கேமரா வீட்டில். "அடுத்த தடவை எடுத்துக்கலாம்" என்று வந்துவிட்டேன். நாலாவது முறை கேமராவோடு போனால், நிலம் பிளாட் ஆகியிருந்தது. மஞ்சள் பெயின்ட் அடித்த எல்லைக் கல்தான் நின்றது. வீரன் எங்கே போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தப் படத்தை இனி எந்த விலை கொடுத்தும் எடுக்க முடியாது.

அதன்பின் வாங்கியதுதான் சோனி ஆர்எக்ஸ்100. எல்லாம் சேர்த்து 240 கிராம். 'ஒரு இன்ச் சென்சார்' என்பார்கள், அளந்தால் 13.2க்கு 8.8 மில்லிமீட்டர்தான். டி90 சென்சாரின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு. இருட்டில் பெரியதுதான் ஜெயிக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏ4 தாளில் நல்ல பிரின்ட் போட 9 மெகாபிக்சல் போதும். இதில் 20 இருக்கிறது. பேரனின் பிறந்தநாளை என்ன பேனரா அடிக்கப் போகிறோம்?

"அப்ப போனே போதுமே" என்பவர்களுக்கு: சாதாரண விலைப் போனில் ஜூம் என்பது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான். இதில் லென்ஸே நகர்கிறது.

பெரிய கேமராதான் பெரிய கலைஞன் என்றால் கார்ட்டியே-பிரஸ்ஸோனை என்ன செய்வது? 1950 ஏப்ரலில், நமக்குப் பக்கத்துத் திருவண்ணாமலையில், ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படமெடுத்தவர் அவர். உலகம் முழுக்க அவர் தூக்கிப் போனது கைக்கு அடக்கமான லைக்கா. யாரும் கவனிக்கக் கூடாதென்று அதன் பளபளப்பின் மேல் கறுப்பு டேப் ஒட்டியவர்.

யானையைத் தூரத்தில் நின்று எடுக்க வேண்டுமா? பெரிய கேமரா வேண்டும். மா. கிருஷ்ணன் காட்டுக்குள் கனத்த கேமரா சுமந்தார். அது அவர் வாழ்நாள் வேலை. நம் வேலை அதுவா?

டூல் ரூமில் முப்பது வருஷம் இருந்தவன் நான். பையில் இருந்த வெர்னியர்தான் நாள் முழுக்க உழைத்தது. பெரிய அளவுக் கருவிகள் அறையில் காத்திருந்தன. அன்று யாரும் வெர்னியரைப் பொம்மை என்று சொல்லவில்லையே?

நண்பர்களே, கடைக்காரர் பேச்சையும் கல்யாண போட்டோகிராபர் தோரணையையும் பார்த்து வாங்காதீர்கள். உங்கள் தோளைக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் தூங்கும் கேமரா எவ்வளவு நல்லதானாலும் எடுக்கும் படம் பூஜ்யம்.

அடுத்த வாரம் மல்லசந்திரம் கற்திட்டைகளைப் பார்க்க மலையேறப் போகிறேன், பொம்மையோடுதான். சிரித்த நண்பரும் வரலாம்.