குகை வாயிலில் ஒரு கல்

துன்பியல் நாடகத்தில் கதை நிகழும் இடமே பாத்திரத்தின் மனத்தைக் காட்டிவிடும் என்பது என் கருத்து. பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் 'சிங்கபாகு' (1961) இதற்கு நல்ல சான்று. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கும் திறந்தவெளி அரங்கில் பலமுறை மேடையேறிய சிங்கள நாடகம் அது.

வெளியே செல்லும்போது சிங்கம் குகை வாயிலைப் பெருங்கல்லால் அடைத்துவிடுகிறது. உள்ளே மனைவி சுப்பாதேவி, மகன் சிங்கபாகு, மகள் சிங்கசீவலி. அந்த இருளும் அடைப்பும் தந்தையின் உள்ளமேதான்: அளவற்ற பாசம், இழந்துவிடுவோமோ என்ற அச்சம். மகன் கல்லைப் புரட்டித் தாயோடும் தங்கையோடும் வெளியேறுகிறான். வெறுங்குகைக்குத் திரும்பிய சிங்கம் அவர்களைத் தேடி ஊர்களுக்குள் புகுகிறது. இறுதியில் மகனின் அம்பினாலேயே மடிகிறது.

மடுல்கெல்லையில் பனி இறங்கும் மாலைகளில், "இருட்டுது மகள், உள்ளே வாங்க" என்று வாப்பா கதவைச் சாத்துவார். அது அன்பு என்று எனக்குத் தெரியும். பேராதனையில் படிக்கும் ஆசையைச் சொன்னாலோ மௌனமாகிவிடுவார். அந்த மௌனத்தில்தான் எனக்குக் குகை நினைவுக்கு வருகிறது.

பெற்றோரே, கதவைச் சாத்துங்கள். கல்லை மட்டும் வைத்துவிடாதீர்கள். கதவை உள்ளிருந்தும் திறக்கலாம்.