ரிப்போர்ட் நோர்மல் என்றால் நிமோனியா இல்லை என்றாகிவிடுமா?



வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நம் வீடுகளில் ஒரு பழக்கம் வேரூன்றி வருகிறது. காய்ச்சலும் இருமலும் வந்தால் டொக்டரிடம் போவதற்கு முன்பே லேபுக்குப் போகிறோம். சீஆர்பி எடுத்து, ரிப்போர்ட்டைக் குடும்ப வட்ஸ்அப் குரூப்பில் போடுகிறோம். இலக்கம் கூடியிருந்தால் பாமசியில் அன்டிபயோட்டிக் வாங்குகிறோம். குறைந்திருந்தால் "பயமில்லை" என்று இருந்துவிடுகிறோம். இரண்டுமே பிழை.

சீஆர்பி நல்ல பரிசோதனைதான். 1930இல் நியூயோர்க்கின் ரொக்பெல்லர் நிறுவனத்தில் டில்லட், பிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்தபோதுதான் அது வெளிப்பட்டது. ஆனால் உடலில் எங்கே அழற்சி இருந்தாலும் ஈரல் அதைச் சுரக்கும். நோய் தொடங்கிச் சில மணிநேரம் கழித்தே ஏறும். உச்சத்துக்கு வர இரண்டு நாள் அளவில் எடுக்கும். இன்று காலை வந்த "நோர்மல்" நாளை இரவுக்கு உத்தரவாதமல்ல.

அதன் பெரும் பயன் ஆஸ்பத்திரியில்தான். சிகிச்சை தொடங்கி மூன்று நான்கு நாளில் பாதியாகக் குறையாவிட்டால், மருந்து வேலை செய்யவில்லையா, நெஞ்சில் நீர் கட்டியிருக்கிறதா என்று டொக்டர்கள் தேடுவார்கள். பக்டீரியா தொற்றில் ஏறும் புரோகால்சிடோனினும் அப்படித்தான். அது குறைவாக இருந்தாலும், நிமோனியா என்று டொக்டர் கருதினால் அன்டிபயோட்டிக்கைத் தாமதிக்கக் கூடாது என்றே 2019ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டல் சொல்கிறது.

நிமோனியா எவ்வளவு கடுமை என்று அளக்க உலகெங்கும் டொக்டர்கள் பயன்படுத்தும் 'கேர்ப் 65' அளவுகோலில் ஐந்து விடயங்கள் உள்ளன: புத்தி தடுமாற்றம், இரத்தத்தில் யூரியா, நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் மூச்சு, குறைந்த பிரஷர், 65 வயது அல்லது அதற்கு மேல். இந்த ஐந்தில் ஒன்றுக்குத்தான் இரத்தம் வேண்டும். வாப்பா நேற்றுவரை தெளிவாகப் பேசி இன்று உளறுகிறார் என்பதை எந்த லேபும் நமக்கு முன் அறியாது.

மூச்சை எண்ண, மணிக்கூடு பார்க்கத் தெரிந்த பிள்ளையே போதும். ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரையான குழந்தைக்கு 50, ஒன்று முதல் ஐந்து வயதுவரை 40, அதைத் தொட்டாலே உடனே டொக்டரிடம் காட்ட வேண்டும். நெஞ்சு உள்ளே இழுத்தாலும், உதடு நீலமானாலும் ஆஸ்பத்திரிதான்.

நம் சமூகத்துக்கு ஆஸ்பத்திரி மீது ஒரு பயம் வந்ததற்குக் காரணம் உண்டு. 2020 ஏப்ரல் வர்த்தமானி கொவிட் ஜனாஸாக்களை எரிக்கக் கட்டாயமாக்கியது. 2021 பெப்ரவரியில்தான் அடக்க அனுமதி வந்தது. அந்தக் காலத்தில் இருமலை மறைத்து வீட்டிலேயே இருந்தவர்கள் நம்மில் உண்டு. அந்தக் காயம் நியாயமானது. ஆனால் அந்தச் சட்டம் போய்விட்டது. தாமதிக்கும் பழக்கம் மட்டும் நம்மிடம் தங்கிவிடக் கூடாது. அன்று பயம் சொன்ன "நாளைக்குப் பார்ப்போம்" என்பதை இன்று லேப் ரிப்போர்ட் சொல்ல விடலாமா?

அரச ஆஸ்பத்திரி இலவசம். 1990 அம்பியுலன்ஸும் இலவசம். ரிப்போர்ட்டை எடுப்போம், ஆனால் டொக்டர் கேட்டால் எடுப்போம், டொக்டரிடமே காட்டுவோம். துஆவும் செய்வோம், மூச்சையும் எண்ணுவோம்.