போகவும் வரவும்

2025 பிறந்த கையோடு, நகரங்களை ஒட்டிய ஊராட்சிகளை மாநகராட்சிகளோடும் நகராட்சிகளோடும் இணைக்கும் தமிழக அரசின் அறிவிப்பு வந்தது. அடுத்த சில வாரங்களில் பல மாவட்டங்களில் மறியல், மனு, முற்றுகை என்று எதிர்ப்பு கிளம்பியது. ஊரகப் பகுதிகளுக்கு மட்டுமே உரிய நூறு நாள் வேலை போய்விடும், வீட்டு வரியும் தண்ணீர் வரியும் ஏறிவிடும் என்பதுதான் எதிர்த்தவர்கள் சொன்ன காரணம். தெருவிளக்கும் பாதாளச் சாக்கடையும் வரப்போகிறபோது வேண்டாம் என்பார்களா என்று நகரத்தில் இருப்பவர்களுக்கு ஆச்சரியம். கிராமத்தான் மண்ணை விடமாட்டான் என்று வேறு சிலருக்குப் பூரிப்பு. மனு கொடுத்தவர்களோ கூட்டிக் கழித்துக் கணக்குப் பார்த்திருந்தார்கள், அவ்வளவுதான். பெயர் மாறிய மறுநாளும் அவர்கள் அதே வீட்டில்தான் இருக்கப்போகிறார்கள். கையில் வரும் கூலி குறையும், கொடுக்கும் வரி கூடும். கிராமமா நகரமா என்று நாம் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கும் கேள்வி, வாழ்கிறவர்கள் மத்தியில் எவ்வளவு வேறாக எழுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

கிராமம், நகரம் என்ற அந்தப் பெயர்ப்பலகையும் ஒன்றும் நிலையானதல்ல. 2004இல் தமிழக அரசு 500-க்கும் மேற்பட்ட பேரூராட்சிகளை ஒரே உத்தரவில் சிறப்புக் கிராம ஊராட்சிகளாக மாற்றியது. ஊரகப் பகுதிகளுக்கென ஒதுக்கப்படும் நிதியைப் பெறுவதற்கான ஏற்பாடு அது. 2006இல் அவை மறுபடி பேரூராட்சிகளாயின. இரண்டு ஆண்டுகள் கிராமமாக இருந்ததை அந்த ஊர்களின் கடைத்தெருக்கள் உணர்ந்திருக்க வாய்ப்பில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தன் பங்குக்கு வேறொரு அளவுகோல் வைத்திருக்கிறது: 5,000 பேருக்குக் குறையாத மக்கள்தொகை, சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 400 பேர், உழைக்கும் ஆண்களில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் விவசாயத்துக்கு வெளியே. (பெண்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்பது இந்தக் கணக்கில் வராது. நாள் முழுக்க நாற்று நட்டாலும் அவள் நகரவாசி ஆகிவிடலாம்.) கேரளத்தில் 2001இல் 26 விழுக்காடாக இருந்த நகர மக்கள்தொகை 2011இல் ஏறத்தாழ 48 ஆனது. ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு கொச்சிக்குக் குடிபெயர்ந்துவிடவில்லை. பெரும்பாலும் அவர்கள் இருந்த இடமே கணக்கெடுப்பின் பார்வையில் நகரமாகிவிட்டது. தமிழ்நாட்டிலும் அதே ஆண்டு 48 விழுக்காட்டைத் தாண்டிவிட்டோம். ஆகவே ஒரு பக்கம் வயல், மறுபக்கம் மாடிக் கட்டடம் என்று கோடு கிழித்து இரண்டு வாழ்க்கைமுறைகளை எடைபோடுவது, இல்லாத இரண்டு ஊர்களை எடைபோடுவதாகவே முடியும்.

இடம் எது என்பதைவிட, அந்த இடத்திலிருந்து போகவும் திரும்பி வரவும் முடிகிறதா என்பதே வாழ்வின் சுகத்தைத் தீர்மானிக்கிறது என்பது எங்கள் தரப்பு. கிராமத்தின் அமைதியை ரசிப்பவர்கள் யார் என்று பாருங்கள். நினைத்தால் கிளம்பிவிடக்கூடியவர்கள்தான். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைக் குறுகிய புத்தியும் வகுப்புவாதமும் தேங்கிய இடம் என்று சாடினார். காந்தியைப் பின்பற்றியவர்களுக்கு அது கசந்தது. ஆனால், அதன் பிறகு நடந்தது அம்பேத்கரின் பக்கமே பேசுகிறது. கீழத்தஞ்சையில் 1968இல் வெண்மணி கிராமத்தில் தலித் குடிசைகள் எரிக்கப்பட்டபோது கூலி உயர்வு கேட்டவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. இன்றைக்கு எந்த மாவட்டத்திலும் நிலம் வைத்திருப்பவரிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் வருவது 'வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை' என்ற புலம்பல். அதற்குப் பொருள், ஆளுக்கு வேறு வேலை கிடைக்கிறது என்பது. திருப்பூர் பனியன் கம்பெனியும் சென்னையின் கட்டட வேலையும், அவற்றோடு ஊரிலேயே கிடைத்த நூறு நாள் வேலையும் சேர்ந்து, கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர வேண்டியிருந்தவரைக் கூலி பேசுபவராக ஆக்கியிருக்கின்றன. திருப்பூருக்குப் போகாதவரின் கூலிகூட, போகலாம் என்ற வாய்ப்பினால்தான் உயர்கிறது. கிராமம் இவ்வளவேனும் வாழத்தக்கதாகியிருப்பதில், அதை விட்டுப் போனவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

அப்படியென்றால் எல்லோரும் நகரத்துக்குப் போய்விடட்டும் என்பதுதானே முடிவு என்று கேட்கலாம். இல்லை. போன இடத்திலும் வழி அடைபடலாம். சென்னையின் ஆற்றோரங்களிலும் கால்வாய்க் கரைகளிலும் குடியிருந்தவர்களை 2000-க்குப் பிறகு கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். வீடு கான்கிரீட் வீடுதான். ஆனால், நடந்துபோய் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டுக் குழந்தை பள்ளியிலிருந்து வருவதற்குள் திரும்பிக்கொண்டிருந்த பெண்ணுக்கு அந்த நாலு வீடும் கைவிட்டுப் போயின. அவரும் புள்ளிவிவரத்தில் நகரவாசி. ஒற்றைப் பேருந்தை நம்பியிருக்கும் குக்கிராமத்துக்காரருக்கும் அவருக்கும் நிலைமையில் வித்தியாசம் சொற்பம். நகரம் சாதியைக் கேட்காது என்பதும் பாதி உண்மைதான். தேநீர்க் கடையில் கேட்பதில்லை. வாடகைக்கு வீடு தேடும்போது, 'சுத்த சைவமா?' என்று சுற்றிவளைத்துக் கேட்கப்படுகிறது.

கிராமத்தை ஏங்கி எழுதும் நம் இலக்கிய வழக்கத்தையும் இந்த இடத்தில் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். 'மணிக்கொடி'யும் 'எழுத்து'ம் சென்னையிலிருந்து வந்த இதழ்கள். ஊரை நினைத்து உருகுவதற்கு ஊரை விட்டு வந்திருக்க வேண்டும், சம்பளமும் வர வேண்டும். அந்த ஏக்கத்தைப் பொய் என்று சொல்லமாட்டோம். அதில் வாசல் திண்ணை வந்த அளவுக்கு, திண்ணையில் உட்கார அனுமதி இல்லாதவர் வரவில்லை என்பதே குறை. பூமணியின் 'பிறகு', பாமாவின் 'கருக்கு', இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வந்த பிறகும் அந்தப் பழைய ராகத்திலேயே சிறுகதைகள் எங்கள் மேசைக்கு வந்துகொண்டிருக்கின்றன என்றால், எழுதுகிறவர்கள் வாசிப்பதில்லை என்று கொள்ள வேண்டியதுதான்.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் செய்திருக்கும் நல்ல காரியம், அதிகம் புகழப்படாத காரியம், பேருந்து. 1997இல் வந்த மினி பஸ், பெரிய வண்டி நுழையாத ஊர்களுக்குள் நுழைந்தது. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. வீட்டை விட்டுக் கிளம்ப யாரிடமும் காசு கேட்க வேண்டாம் என்பது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை, கேட்டே பழகியவர்கள்தான் சொல்ல முடியும். ஒரு பெண் எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம் எடுக்கலாம், எந்த ஷிப்டுக்குப் போகலாம் என்பதையெல்லாம் பல ஊர்களில் கடைசிப் பேருந்தின் நேரமே முடிவு செய்கிறது. எட்டரைக்குப் புறப்படும் வண்டியைப் பத்து மணிக்கு மாற்றினால், அந்த ஊருக்கு ஒன்றரை மணி நேரம் மட்டுமல்ல, சில வேலைகளும் சில படிப்புகளும் சேர்ந்து கிடைக்கும்.

பேருந்தை வைத்து இவ்வளவு நம்பலாமா என்ற மறுப்புக்கு நாங்கள் தலைவணங்கத்தான் வேண்டும். மினி பஸ் வந்த அதே 1997இல், ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டியதற்காகத் தென் மாவட்டங்களில் கலவரம் வெடித்தது. தலித் தலைவர் ஒருவரின் பெயர் எழுதிய வண்டியில் ஏறமாட்டோம் என்றார்கள். கடைசியில் எல்லாக் கழகங்களிலிருந்தும், மாவட்டங்களிலிருந்தும்கூட, தலைவர்களின் பெயர்களை அரசு எடுத்துவிட்டது. அவ்வாண்டு ஜூனில் மேலவளவு ஊராட்சியின் தலித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டது, மதுரையிலிருந்து ஊர் திரும்பிய பேருந்தை மறித்துத்தான். போக வழி இருப்பது மட்டும் போதாது. திரும்பி வரும்போது சம மனிதராக வர முடிய வேண்டும். அதைப் போக்குவரத்துத் துறை தராது. காவல் நிலையமும் நீதிமன்றமும் நிலத்தின் மீதான உரிமையும் தர வேண்டியது அது. எங்கள் வாதம் இதனால் பலவீனப்படவில்லை, அதன் எல்லை தெரிகிறது.

வழி திறந்தால் ஊர் காலியாகிவிடும் என்பது இன்னொரு கவலை. கிழவர்களும் பூட்டிய வீடுகளும் மிஞ்சும், பள்ளியில் பிள்ளைகள் இருக்கமாட்டார்கள் என்கிறார்கள். சில ஊர்களில் அது நடந்தும் இருக்கிறது. ஆனால் ஒரே மூச்சில் காலியாவது, போனால் திரும்ப முடியாத ஊர்தான். காலையில் போய் இரவில் வீடு திரும்ப முடிகிற ஊரில் ஆட்கள் தங்குகிறார்கள். வேறு வழியின்றித் தங்கியவர்களை வைத்து ஊரைக் காப்பாற்றியதாகச் சொல்லிக்கொள்வதில் என்ன பெருமை இருக்கிறது?

எனவே இணைப்பை எதிர்த்தவர்களின் கோரிக்கையைக் கிராமப் பற்று என்றோ வளர்ச்சி விரோதம் என்றோ கோப்பில் கட்டிவைக்க வேண்டாம். வேலைக்கான உத்தரவாதம் ஊராட்சி எல்லையில் ஏன் முடிந்துபோக வேண்டும் என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். மாநில அரசின் நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் 2022இல் சிறிய அளவில் தொடங்கியது. இணைக்கப்படும் ஊர்களுக்கேனும் அதைச் சட்ட உரிமையாக்கிவிட்டுப் பிறகு எல்லையைத் திருத்தலாம். இணைப்பில் இன்னொன்றும் போகிறது. கிராம சபையில் வாக்காளர் எவரும் எழுந்து வரவுசெலவு கேட்கலாம், தீர்மானம் கொண்டுவரலாம். நகராட்சியில் பகுதி சபை என்று ஒன்று விதிகளில் உண்டு. அது கூடியதைப் பார்த்த நகரவாசிகள் எத்தனை பேர்? வாரக்கடைசிக்குத் தோப்பு வாங்கிப் போகிறவர்கள், வேலியைப் போட்டுக்கொண்டு உள்ளேயே இருந்துவிடாமல், அடுத்த கிராம சபைக்கு ஒருமுறை போய் நின்றால், இணைப்பில் ஊர் எதை இழக்கிறது என்பது அவர்களுக்கும் தெரியும்.