எந்தப் பரீட்சைக்கு?

நோட்டைத் திறந்தாலே வீட்டில் வருகிற கேள்வி இதுதான். டிஎன்பிஎஸ்சி என்று சொன்னால் டிவி சத்தம் தானாகக் குறையும். காபி கைக்கே வரும். பி.காமோடு நின்றுபோன கணக்கை ஆசைப்பட்டுத் தொடர்கிறேன் என்று சொன்னால், "சும்மாதானே உட்கார்ந்திருக்கே, அந்தக் கேஸை புக் பண்ணிடும்மா" என்கிறார்கள். விடியற்காலை 5 மணிக்கு எழுந்து உட்கார்ந்தாலும் இதே கதைதான். பரீட்சை எழுதாதவளுக்கும் படிக்கிற நேரம் என்று ஒன்று உண்டு என்பது யாருக்குமே தோன்றுவதில்லை.

"எல்லாம்தான் யூடியூப்ல கிடக்கே, ஒழுங்கா உட்கார்ந்தா போதும்" என்பார்கள் வெளியில். கிடக்கிறதுதான். ஐஐடிக்களும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் பாடங்களைக் காசில்லாமல் பார்க்கலாம். பிளஸ் டூ கணிதப் புத்தகம் தமிழிலேயே இறக்கிக்கொள்ளக் கிடைக்கிறது. பாடத்துக்குப் பஞ்சமே இல்லை. நான் போட்ட கணக்கைப் பார்த்துச் சொல்லத்தான் ஆளில்லை.

சைன் எக்ஸை கொசைன் எக்ஸால் பெருக்கித் தொகையிட வேண்டும். எனக்கு வந்த விடை, சைன் வர்க்கத்தில் பாதி. புத்தகத்தில் இருந்ததோ கொசைன் இரண்டு எக்ஸில் கால் பங்கு, அதுவும் கழித்தல் குறியோடு. எங்கே சறுக்கினேன் என்று வரி வரியாகத் தேடி எத்தனை இரவு போயிற்று! கடைசியில் பார்த்தால் இரண்டுமே சரி. ஒன்றுக்கொன்று கால் என்கிற மாறிலிதான் வித்தியாசம், அதற்காகத்தான் கடைசியில் ஒரு 'சி' போடுகிறோம். வாத்தியார் ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் அரை நிமிஷ வேலை. இந்த மாதிரி இடத்தில்தான் பலர் நோட்டை மூடிவிடுகிறார்கள். ஒழுங்கு இல்லை என்று அவர்களைச் சொல்வது எவ்வளவு அநியாயம்!

உடனே ராமானுஜனை இழுப்பார்கள். கும்பகோணத்தில் கார் என்பவர் எழுதிய கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தானே படித்தார், எஃப்.ஏ.வில் தோற்றும் ஜெயித்தார் என்று. அது உண்மை. ஆனால் 1912இல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவானபோது, அங்கே தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயர் அவரோடு இரவில் சிலேட்டும் கையுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டாரே, அதை ஏன் யாரும் சொல்வதில்லை? மேதைக்கே அப்படி ஒரு துணை தேவைப்பட்டது. என் போன்றவர்கள் மட்டும் எல்லாவற்றையும் தனியாகச் சமாளிக்க வேண்டுமா?

அந்தத் துணையை நூலகத்தில் தேடலாம் என்றால், சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி கட்டத்தான் கட்டுகிறோம். கோட்டூர்புரத்திலும் மதுரையிலும் பெரிய நூலகங்கள் எழுந்ததில் எனக்கு மனசார சந்தோஷம். எங்கள் தெருமுனைக் கிளை நூலகத்திலோ ஒரு சுவர் முழுக்கப் போட்டித் தேர்வு கைடுகள். பிளஸ் டூவுக்கு மேல் கணக்குப் புத்தகம் ஒன்றுகூட இல்லை. நான் வேலை முடிந்து வருவதற்குள் கதவையும் பூட்டிவிடுகிறார்கள்.

இந்த வட்டாரத்தில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்கள் இருக்கிறார்கள். கேட்டால் வரமாட்டேன் என்று சொல்லக்கூடியவர்கள் இல்லை. வாரத்தில் ஒரு நாள், சாயங்காலம் 7 மணிக்கு மேல், அந்தக் கிளை நூலகத்தின் வாசிப்பறையில் ஒரு மேசையும் விளக்கும் கொடுத்தால் போதும். நான் மட்டுமில்லை, மருந்துக்கடைப் பையனும் இயற்பியல் நோட்டைத் தூக்கிக்கொண்டு வருவான்.