இடவப்பாதிக்கு முன் கூரையைக் கவனிப்போம்

கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1ஆம் தேதியை ஒட்டித் தொடங்குகிறது. அது ஓய்ந்த சிறிது காலத்திலேயே துலாவர்ஷமும் வந்துவிடும். ஆண்டில் ஏறக்குறையப் பாதி நாள் கூரைக்குச் சோதனைக் காலமே. காந்தளூர் மகாதேவர் கோயிலைச் சார்ந்து வாழும் வலியசாலைத் தமிழர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. தெரிந்திருந்தும் தள்ளிப்போடுவதுதான் கவலைக்குரியது.

அக்கிரகாரத்தில் இரண்டு வீடுகளுக்கு ஒரே சுவர். எனவே ஒரு வீட்டின் ஒழுக்கு அந்த வீட்டோடு நிற்பதில்லை. பொதுச் சுவரில் ஊறி, அடுத்த வீட்டின் மரத்தையும் அரிக்கிறது. பிள்ளைகள் சென்னையிலும் மும்பையிலும் வெளிநாட்டிலும் இருக்க, பூட்டிக் கிடக்கும் வீட்டில் ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைக்கக்கூட ஆளில்லை. அதன் பலனைப் பக்கத்து வீட்டு முதியவர்கள் அனுபவிக்கிறார்கள்.

ஓட்டுக் கூரை ஒரே நாளில் கெடுவதில்லை. பூனை ஓடி ஓடு நகர்கிறது. தென்னமட்டை விழுந்து உடைகிறது. முகட்டு ஓட்டின் பூச்சு வெடிக்கிறது. இரு கூரைகள் சேரும் இடத்தைச் சருகு அடைக்கிறது. நனைந்த ரீப்பரிலும் கைமரத்திலும் கரையான் ஏறுகிறது. நாலைந்து ஓடு மாற்றினால் தீர்ந்திருக்கும் குறை, உத்தரத்தையே மாற்றும் செலவாக வளர்கிறது. மேலே பிளாஸ்டிக் விரிப்பது அவசரத்துக்கு உதவலாம். அதுவே நிரந்தரமானால் காற்றாடாமல் மரம் உளுத்துப்போகும். கான்கிரீட் வீட்டாரும் நிம்மதி கொள்வதற்கில்லை. தேங்கும் நீர் உள்ளே இறங்கினால் கம்பி துருப்பிடித்துப் பருத்து, காரையைப் பெயர்த்துவிடும்.

இதற்குத் தனித்தனியே அலைவதைவிடத் தெரு முழுவதும் சேர்ந்து செய்வதே சிறந்தது. மேட மாதத்திலேயே கைதேர்ந்த ஆட்களை அமர்த்தி, வரிசையாக எல்லாக் கூரைகளையும் பார்த்துவிடலாம். இடிக்கப்படும் வீடுகளின் நல்ல ஓடுகளை விற்றுவிடாமல் சேர்த்துவைக்க வேண்டும். தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை ஓட்டின் அளவு மாறுவதால், புது ஓடு பழைய கூரையில் பொருந்துவது எளிதல்ல. வெளியூரில் இருப்போர் நம்பிக்கையானவரிடம் சாவியையும் செலவில் தம் பங்கையும் ஒப்படைக்க வேண்டும். செலவு செய்ய இயலாத குடும்பங்களின் சுமையைத் தெருவார் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

தலைமுறைகளாக வாழ்ந்த தெரு, கவனிப்பார் இன்றிக் கரைந்துபோக நாம் இடமளிக்கலாகாது. சுவர் பொதுவானது என்றால் பொறுப்பும் பொதுவானதே. இடவப்பாதி வரும்வரை காத்திராமல் இப்போதே ஏணியை எடுப்பது விவேகம்.