வேலை நேரம் முடிந்த பின் எழுதியதற்குத் தண்டனையா?

மலாக்காவில் புக்கிட் பெருவாங்கிலிருந்து ஆயர் குரோவுக்கும் பத்து பெரெண்டாமுக்கும் வேலைக்குப் போய்வரும் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய தீர்ப்பு ஒன்று 2023 ஆகஸ்டில் தமிழகத்தில் வந்தது. தமிழ்நாடு கிராம வங்கி ஊழியர் ஒருவர், தொழிற்சங்க உறுப்பினர், நிர்வாகத்தின் முடிவுகளைக் குறைகூறி வாட்சாப் குழுவில் எழுதினார். வங்கி அவருக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை அனுப்பியது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அதை ரத்து செய்தார். மனக்குறையைக் கொட்டித் தீர்ப்பது இயல்பு, அது நிறுவனத்துக்கும் நல்லதே என்றார். நிறுவனத்தின் பெயர் கெட்டால் நிர்வாகம் தலையிடலாம், அதுவரை கூடாது.

இந்த எல்லைக்கோடு மலேசியாவுக்கும் வேண்டும்.

2006இல் பாரிசில் ஒரு பிரிட்டிஷ் கணக்காய்வு நிறுவனத்தின் செயலாளர், புனைபெயரில் எழுதிய வலைப்பூவுக்காக வேலையை இழந்தார். மறு ஆண்டே தொழிலாளர் தீர்ப்பாயம் அவருக்குச் சுமார் 44,000 யூரோ இழப்பீடு வழங்கியது. வாடிக்கையாளர் விவரத்தை வெளியிடுவதும், சக ஊழியரை இனத்தைச் சொல்லி இழிவுபடுத்துவதும் வேறு. அவற்றுக்குத் தண்டனை தகும். மேலாளருக்குக் கோபம் வந்தது என்பது மட்டும் குற்றத்துக்குச் சான்றாகாது. என்ன கேடு விளைந்தது என்பதை முதலாளிதான் காட்ட வேண்டும்.

மலாக்கா தமிழருக்கு இது புதிய கதையல்ல. தோட்டத்தில் எதிர்த்துப் பேசியவருக்கு வேலையோடு லயத்து வீடும் போகும். அப்படியிருந்தும் 1967இல் புக்கிட் அசாகான் தோட்டத் தொழிலாளர்கள் நியாயம் கேட்டுக் கோலாலம்பூர்வரை நடந்தார்கள். இன்று முகநூலில் நான்கு வரி எழுதும் தொழிலாளிக்கும் அதே உரிமை உண்டு.

சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஒழுங்கீனம் என்று சொல்லி நீக்கும் முன் விசாரணை நடத்தியாக வேண்டும். அரசு ஊழியர் நிலைமை இன்னும் கடினம். 1993ஆம் ஆண்டு நடத்தை விதிகள் அரசின் கொள்கையைப் பொதுவில் விமர்சிக்கவே தடை விதிக்கின்றன. அந்த விதியைத் திருத்தும் காலம் வந்துவிட்டது.

தனியார் துறையில், விளக்கம் கேட்கும் ஷோ காஸ் கடிதம் வந்ததும் பயந்துபோய் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடக் கூடாது. அப்புறம் வழக்கு சிக்கலாகிவிடும். நியாயமான காரணமின்றி நீக்கப்பட்டவர், 1967ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி, 60 நாளுக்குள் தொழிலியல் உறவுத் துறையில் மனுச் செய்து பழைய வேலையையே திரும்பக் கேட்கலாம்.